மக்கு வெடிச்சுப் போச்சு... தஞ்சாவூர் ஓவியத்த விட்டுறலாமா, தொடரலாமா?

குடமுருட்டிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுட்டு மட்டும் போறவ, இன்னைக்குத்தான் மொத தடவையா எழுதறேன். நீளமா போயிரும், மன்னிச்சுக்குங்க.

பாபநாசம் பக்கம் ஊரு, வயசு 36. வீட்டுக்காரருக்கு சொந்தமா மூணு மா நெலம், குத்தகைக்கு ஆறு மா, எல்லாம் நெல்லுதான். நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல உக்காந்து சிட்டா, வருமானச் சான்று, பயிர் காப்பீடுன்னு காலைலேந்து பொழுது சாயற வரைக்கும் ஊராருக்கு அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறேன். ரெண்டு புள்ளைங்க, மாமியார் கூடவே இருக்காங்க. இதுல படம் எங்கேந்து வந்துச்சுன்னா, ஸ்கூல் படிக்கையிலேயே ஓவியத்துல லோயர், ஹையர்னு கவர்மென்ட் பரீட்சை ரெண்டும் பாஸ் பண்ணவ நான். கும்பகோணம் கவின் கலைக் கல்லூரில சேத்து விடுங்கன்னு அப்பாகிட்ட ரெண்டு நாள் சாப்புடாம சண்ட போட்டேன், "படம் போட்டா யாரு சோறு போடுவா"ன்னு பி.காம்ல சேத்துட்டாங்க. அவங்கள குத்தம் சொல்லல, அப்பதான் அக்கா கல்யாணம் முடிஞ்சு கடன் கழுத்துக்கு நின்னுச்சு.

இந்த வருஷம் ஆடிப்பெருக்குக்கு அப்பறம் தஞ்சாவூர் போனப்ப, சீட்டு பணத்துல மிச்சம் புடிச்சு ஒரு தஞ்சாவூர் ஓவிய கிட்டு வாங்கிட்டு வந்தேன். 12க்கு 10 பலகை, தவழும் கிருஷ்ணன். வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லல, "எவ்வளவு"ன்னு மட்டும் கேட்டாரு, நான் பாதி விலைய சொன்னேன் (இத அவரு படிக்க மாட்டாருன்னு நம்பறேன்). ராத்திரி பாத்திரம் கழுவி கவுத்துட்டு பத்து மணிக்கு மேல தாழ்வாரத்துல உக்காந்தா அர மணி நேரம், மிஞ்சிப் போனா முக்கா மணி. துணி ஒட்டறதுக்கே ஒரு வாரம் ஆச்சு. சாக் பவுடர் கோட்டிங், உப்புத்தாள் தேய்ச்சது, கோடு எடுத்தது, கல்லு ஒட்டினதுன்னு புரட்டாசி பூரா அதுலயே போச்சு. உண்மைய சொல்லணும்னா, பகல்ல சென்டர்ல சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும் பாருங்க, ஆளுங்க வரிசைல நின்னு என்னையே திட்டுவாங்க, அப்பல்லாம் மனசு அந்தக் கிரீடத்துலதான் ஓடிக்கிட்டு இருக்கும், எந்தக் கல்ல எங்க வச்சா எடுப்பா இருக்கும்னு.

ஐப்பசி பொறந்து மக்கு வேலைய (சாக் பவுடரும் பசையும் கலந்து படத்தப் புடைப்பா தெரிய வைக்கிற பூச்சு) ஆரம்பிச்சேன், மழையும் ஆரம்பிச்சுருச்சு. குறுவை நெல்லு அறுத்து கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு போனா ஈரப்பதம் 17க்கு மேல எடுக்க மாட்டோம்னுட்டாங்க, எங்களோடது 21 காட்டுச்சு. ரோட்டுல குமிச்சு தார்ப்பாய் போட்டு, பகல்ல வெயில் எட்டிப் பாத்தா பிரிச்சு வுடறது, மேகம் கட்டினா மூடறது, ஒம்பது நாள். அவரு அங்கயே படுத்துக் கெடந்தாரு. நான் சாப்பாடு எடுத்துட்டுப் போய் பாத்தா ஓரத்து நெல்லுல மொள கெளம்பி வெள்ளையா நிக்கிது.

அன்னைக்கு ராத்திரி வந்து பலகைய எடுத்துப் பாக்கறேன், கிரீடத்துலேந்து தோள் வரைக்கும் மக்கு பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கு. சித்திரை மாசத்து வயலு எப்படி இருக்கும், அதே மாதிரி. ஒரு துண்டு கையோட வந்துருச்சு.

மாமியார் பாத்துட்டு, சாமி படம் வெடிச்சா வீட்டுக்கு ஆகாது, கொண்டு போயி ஆத்துல வுட்டுட்டு வான்னாங்க. அவங்கள எதுத்துப் பேசறதில்ல நான். ஆனா ஆத்துல வுட மனசு வரல, நெல்லு கொட்டற பத்தாயத்துக்குப் பின்னால சொருகி வச்சுருக்கேன். பதினெட்டு வருஷம் கழிச்சு ஒண்ணத் தொட்டோம், அதுவும் இப்படின்னா நமக்கு இதெல்லாம் எழுதலயோன்னு தோணுது.

கேள்வி இதுதான். வெடிச்ச மக்க சரி பண்ண முடியுமா? இல்ல எல்லாத்தையும் வுட்டுட்டு வேலையப் பாக்கறதா? உங்க வீட்டுலயும் வேல, கடன், புள்ளைங்கன்னு இருக்கும், அதுக்கு நடுவுல எப்படி வரையறீங்கன்னு யாராவது சொல்லுங்க.


மக்குப்பலகை:

அக்கா, மொதல்ல பலகைய பத்தாயத்துக்குப் பின்னாலேந்து வெளில எடுங்க. அங்க காத்தே போகாது, பலகை வளைஞ்சுரும். மக்கு வெடிச்சதக்கூட சரி பண்ணிரலாம், பலகை வளைஞ்சா அவ்வளவுதான்.

நான் தஞ்சாவூர்ல இந்த வேலைதான் பாக்கறேன், பதினாலு வருஷமாச்சு. வெடிச்ச எடத்துல நகத்தால சுரண்டிப் பாருங்க. மாவா உதிந்துச்சுன்னா பசை பத்தலன்னு அர்த்தம். ஓடு மாதிரி கெட்டியா பேந்து வந்துச்சுன்னா பசை சரி, ஒரே தடவைல கனமா வச்சுட்டீங்க. நீங்க சொல்றதப் பாத்தா ரெண்டாவதுதான்னு நெனைக்கிறேன். கனமா வச்சா மேல்தோல் காஞ்சுரும், உள்ள ஈரம் அப்படியே நிக்கும், அது காய்றப்ப சுருங்கி மேல இருக்கறத இழுத்து வெடிக்க வைக்கும். மழைல காயலியேன்னு ஃபேனுக்கு அடில வேற வச்சுருப்பீங்க, சரியா?

செய்ய வேண்டியது. ஆடுற துண்டு எல்லாத்தையும் கத்தி முனையால எடுத்துருங்க, பாவம் பாக்காதீங்க. அடில துணி நல்லா ஒட்டியிருக்கான்னு தட்டிப் பாருங்க, பொத்துனு சத்தம் வந்தா அந்த எடத்துல துணி கெளம்பியிருக்கு, அத மொதல்ல ஒட்டணும். அப்பறம் மக்க தோசை மாவு பதத்துக்குக் கரைச்சு, பிரஷ்ஷால மெலிசா ஒரு கோட்டு. முழுசா காயட்டும். அது மேல இன்னொண்ணு. கிரீடம் ஒசரமா தெரியணும்னா நாலு கோட்டு அஞ்சு கோட்டு ஆகும், ஆகட்டும். நெழல்லதான் காயணும், வெயிலும் வேணாம் ஃபேனும் வேணாம். பலகையோட முதுகுலயும் ஒரு கோட்டு பெயிண்ட் அடிச்சு வுடுங்க, ஈரம் ஏறாது. ஈரம் இருக்கையில தங்க ரேக்கு மட்டும் ஒட்டிராதீங்க, பின்னால கெளம்பி வந்துரும், ரேக்கு விக்கிற வெலைல அது தாங்காது.

உங்க மாமியார் சொன்னதுக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. எங்க பட்டறைல மழைக்காலத்துல நாலு பலகை வெடிக்கும், அதுக்குன்னு யாரு வீட்டுக்கும் ஒண்ணும் ஆனதில்ல. நாங்க கண்ண கடைசிலதான் எழுதுவோம். கண்ணு தொறக்காத வரைக்கும் அது சாமி இல்ல, பிளைவுட்டு. உங்க கிருஷ்ணனுக்கு இன்னும் மொகமே வரல, அதுக்குள்ள அவரு எதுக்கு கோவப்படப் போறாரு?

ஈரம்னு எழுதியிருந்தீங்க, அதுல எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. பெரிய கோயில் கருவறையச் சுத்தி உள்ள ஒரு இருட்டு சுத்துப்பாதை இருக்கு, பொதுவா ஆள விடமாட்டாங்க. அங்க இருக்கற சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்புல போட்டது. பூச்சு காயறதுக்குள்ள படத்த முடிச்சாகணும், காஞ்சா வண்ணம் புடிக்காது. நமக்கு நேர் எதுர், காஞ்சாதான் அடுத்த வேலை. அவங்களுக்கு அவசரம், நமக்குப் பொறுமை, அவ்வளவுதான் வித்தியாசம். அது மேல பின்னால நாயக்கர் காலத்துல பூசி வேற படம் போட்டுட்டாங்க. 1931ல அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ்.கே.கோவிந்தசாமி உள்ள போயி, உதிந்து போன எடத்துல அடில வேற வண்ணம் தெரியிதேன்னு பாத்ததுலதான் சோழர் படம் வெளில வந்துச்சு. மேல இருந்தது வெடிச்சதாலதான அடில இருந்தது தெரிஞ்சுச்சு, அக்கா.


நிதர்சனம்:

எல்லாரும் நல்லா பேசறீங்க, ஆனா ஒருத்தராவது காசக் கணக்கு பாத்தீங்களா? நெல்லு ரோட்டுல மொளைக்கிது, குத்தகை கட்டணும், இதுல ரேக்கு, ஜெய்ப்பூர் கல்லுன்னு செலவு. சகோதரிய தப்பா சொல்லல. வசதி இருக்கறவங்க பொழுதுபோக்கு இது. வரைஞ்சா விக்கிற மாதிரி வரையுங்க, இன்ஸ்டால பேஜ் ஓபன் பண்ணுங்க, மாசம் ரெண்டு ஆர்டர் வந்தா சரி. வரலன்னா அந்த நேரத்துக்குத் தூங்குங்க, ஒடம்பாவது நல்லாருக்கும். கனவு சோறு போடாது.


சாமி ஆர்ட்ஸ் பழசு:

நிதர்சனம் தம்பி, நீங்க சொன்ன கணக்க நான் முப்பது வருஷம் போட்டுப் பாத்தவன். சொல்றேன் கேளுங்க.

எனக்கு மன்னார்குடி. போர்டு, பேனர், சுவர் விளம்பரம், நம்பர் பிளேட்டு, கடை ஷட்டர், எல்லாம் நம்ம கைதான். பங்குனி திருவிழா வந்தா வெண்ணெய்த்தாழிக்குள்ள முடிச்சுக் குடுங்கண்ணேன்னு பந்தல்காரங்க வாசல்ல நிப்பாங்க. ஒரு பேனருக்கு ரெண்டு நாள் ஆகும். பிளெக்ஸ் வந்துச்சு. ஒரு மணி நேரத்துல பிரிண்டு போட்டு கைல குடுத்துட்டான். மூணே வருஷத்துல எங்க தெருவுல அஞ்சு ஆர்ட்ஸ் கடைல நாலு மூடியாச்சு. நான் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போனேன். வெக்கமெல்லாம் இல்ல, பிரஷ்ஷு பெருசாச்சு அவ்வளவுதான்னு சொல்லிச் சிரிப்பேன், ஆனா மொத நாள் சாரத்துல ஏறி நின்னு அழுதேன், அத யாருகிட்டயும் சொன்னதில்ல, இங்க பேரு தெரியாதுங்கறதால சொல்றேன்.

நீங்க சொல்ற மாதிரி விக்கிறதுக்கும் வரைஞ்சேன். செத்தவங்க போட்டோ பாத்து பெருசா வரைஞ்சு குடுக்கறது, படத்திறப்புக்கு. பதினாறாம் நாளைக்குள்ள வேணும்பாங்க. நல்ல துட்டுதான், கெட்ட தொழில்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு வருஷம் அத மட்டும் வரைஞ்சேன் பாருங்க, பிரஷ்ஷ எடுத்தாலே ஊதுபத்தி வாசம் வர ஆரம்பிச்சுருச்சு. அதனால அந்தம்மாவுக்கு நான் சொல்றது, ஆர்டர் வந்தா எடுங்க, காசு யாரக் கடிச்சுது. ஆனா எவனும் ஆர்டர் குடுக்காத ஒண்ணு எப்பவும் வீட்டுல பாதில நிக்கணும்.

எனக்கு அது எதுல நிக்கிதுன்னு கேட்டா சிரிப்பீங்க. கிழிச்சுப் போட்ட பிளெக்ஸ எடுத்துட்டு வந்து, கழுவி, திருப்பிப் போட்டு அதோட முதுகுல வரையறேன். பெயிண்ட் அடிக்கிற வீட்டுல டின்னு அடில தங்குற எனாமல் இருக்குல்ல, மேஸ்திரி தூக்கிப் போடுன்னுவாரு, அத வாங்கிட்டு வந்துருவேன். அதனால ஒரு மாசம் எல்லாம் பச்சையா இருக்கும், அடுத்த மாசம் எல்லாம் ரோஸா இருக்கும், அந்த வீட்டுக்காரன் என்ன கலர் புடிச்சானோ அது. ஹரித்ராநதி தெப்பக்கொளத்த ரோஸ் கலர்ல வரைஞ்சவன் நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். எந்தப் பிளெக்ஸ் என் பொழப்ப தின்னுச்சோ அது முதுகு மேல ஏறி உக்காந்து வரையறதுல ஒரு சொகம் இருக்குய்யா, அத இன்ஸ்டால விக்க முடியாது.

திருவாரூர் போனா தியாகராஜர் கோயில்ல தேவாசிரிய மண்டபத்துக் கூரைய அண்ணாந்து பாருங்க. முசுகுந்தன்ங்கற ராஜாவோட கதை வரிசையா போயிருக்கும், படத்துக்கு அடில தமிழ்ல எழுதியிருக்கும், நம்ம போர்டு எழுதற மாதிரியே. முந்நூறு வருஷத்துக்கு மேல இருக்கும். வரைஞ்சவரு பேரு சிங்காதனம்னு அங்கயே இருக்கு. எழுதச் சொன்ன பெரிய மனுசங்கள எவன் ஞாபகம் வச்சுருக்கான், சிங்காதனத்த எனக்குத் தெரியும். கழுத்து வலிக்கிற வரைக்கும் பாத்துட்டு வருவேன், அவருக்கும் சாரத்துல நின்னு கழுத்து வலிச்சுருக்கும்ல.


குடமுருட்டிக்கரை:

மக்குப்பலகை தம்பி, ஃபேன் விஷயம் எப்படிக் கண்டுபுடிச்சீங்க? டேபிள் ஃபேன பக்கத்துலயே வச்சு மூணு நாள் ஓட்டினேன். நகத்தால சுரண்டினேன், ஓடு மாதிரிதான் வந்துச்சு.

அண்ணே நீங்க எழுதினத ரெண்டு தடவ படிச்சேன். நிதர்சனம் சொன்னதும் தப்பில்ல, எங்க வீட்டுல எல்லாரும் மனசுக்குள்ள அதான் நெனைப்பாங்க, நானும் சில நாள் நெனைக்கிறேன். நெல்லு நேத்துதான் எடுத்தாங்க. மொளைச்சதத் தள்ளிட்டு மீதி. கணக்கு இன்னும் பாக்கல, பாக்கப் பயமா இருக்கு.


பகுதிநேர டீச்சர்:

வேதாரண்யம் பக்கத்துலேந்து எழுதறேன். 2012ல 5000 ரூபா சம்பளத்துல சேந்த ஓவிய டீச்சர், வாரத்துல மூணு அரை நாள். மிச்ச நாள்ல தையல். அதனால கனவு சோறு போடுமான்னு எங்கிட்ட யாரும் கேக்க வேணாம், எனக்குப் பதில் தெரியும்.

கஜா புயல் அடிச்சது 2018 நவம்பர் 16 விடியக்காலைல. எங்க பக்கம்தான் கரையக் கடந்துச்சு. ஸ்கூல் மறுபடி தொறந்தப்ப புள்ளைங்களுக்குப் பாட நோட்டே கெடையாது, எல்லாம் நனைஞ்சு போச்சு. என் பீரோல மட்டும் கொஞ்சம் சார்ட் பேப்பர் மேல்தட்டுல தப்பிச்சுருந்துச்சு. வெட்டிக் குடுத்து எத வேணா வரைங்கன்னேன். ஏழாவது படிக்கிற ஒரு பையன் தென்னந்தோப்பு வரைஞ்சான். எல்லா மரமும் நிக்கிது, ஒண்ணு கூட சாயல. சரி ஆசைல வரையறான்னு கிட்டப் போயி பாத்தா, ஒவ்வொரு மரத்துக்கும் அடில நம்பர். 1, 2, 3ன்னு 43 வரைக்கும். என்னடா இதுன்னா, "கணக்கெடுக்க வந்தாங்கள்ல டீச்சர், அவங்க சாஞ்சத எழுதிட்டுப் போனாங்க, நான் எது எங்க நின்னுச்சுன்னு எழுதி வக்கிறேன்"ங்கறான். மறுபடி கன்னு வைக்கையில அவங்கப்பா அந்தப் பேப்பர வச்சுத்தான் குழி எடுத்தாராம், அது நெசமா இல்ல பையன் வுட்ட கதையான்னு நான் கேக்கல. அந்த சார்ட்ட அவன் எனக்குத் தரமாட்டேன்னுட்டான், அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சுது.

உங்க கேள்விக்கு வரேன். எப்படி நேரம் ஒதுக்கறோம்னு கேட்டீங்க. நான் ஒதுக்கறதில்ல, ஒதுக்கினா அன்னைக்குத்தான் விருந்தாளி வருவாங்க. தையல் மெஷின் மேலயே ஒரு சின்ன நோட்டு, பால்பாயிண்ட் பேனா. பாபின் சுத்தறப்ப, கரண்ட் போறப்ப, எதுக்க இருக்கறத வரைஞ்சுருவேன், கத்திரிக்கோல், காஜா போட்ட சட்டை, வாசல்ல காயற கருவாடு. உங்களுக்கு சர்வர் சுத்துதுல்ல, அந்த நேரம் இருக்கே! வரிசைல நிக்கிற ஆளுங்க மொகம் வேற சும்மா கெடைக்கிது. கோவமா இருக்கற மொகம் வரையறது சுலபம், கோடு தானா வரும். கிருஷ்ணன் காயட்டும் மெதுவா, அது வரைக்கும் கை சும்மா இருக்க வேணாம்.

இன்னொண்ணு, கார்ட்டூன் போட்ட கோபுலு சாரத் தெரியும்ல, நம்ம தஞ்சாவூர்ல பொறந்தவரு, கும்பகோணம் ஓவியப் பள்ளில படிச்சவரு, நீங்க சேர ஆசப்பட்ட அதே எடம். இள வயசுல திருவையாறு போயி கீர்த்தனை பாடின தியாகராஜர் வீட்டுல இருந்த ராமர் பட்டாபிஷேகப் படத்தப் பாத்து வரைஞ்சு குடுத்ததுலதான் விகடன்ல கால் வச்சாரு. வயசான காலத்துல வாதம் வந்து வலது கை வெளங்காமப் போச்சு. இடது கைல பழகி வரைஞ்சாரு. அத நான் பெருசா தத்துவமா சொல்லல, எனக்கு அடிக்கடி தோணறது என்னன்னா, அத்தன பேரும் புகழும் வந்தப்பறம் மொத நாள் இடது கைல ஒரு கோடு போட்டுருப்பாரு, அது ஒண்ணாங்கிளாஸ் புள்ள போட்ட மாதிரி கோணலா போயிருக்கும்ல. அத அவரே பாத்துருப்பாருல்ல. அந்தக் கோட்டத்தான் நான் பாக்க ஆசப்படறேன்.


குடமுருட்டிக்கரை:

மூணு வாரம் கழிச்சு வரேன், யாராவது இருக்கீங்களா?

டீச்சர் சொன்னதக் கேட்டு சென்டர்ல பழைய அப்ளிகேஷன் பேப்பர் முதுகுல வரைய ஆரம்பிச்சேன். எட்டு மொகம் ஆச்சு. ஒரு தாத்தா தன்ன வரையறேன்னு கண்டுபுடிச்சுட்டு முண்டாச அவுத்து திருப்பிக் கட்டிக்கிட்டாரு, முதியோர் பென்ஷனுக்கு வந்தவரு, மனு போட்டு முடிச்சப்பறமும் போகல, காட்டுன்னு நின்னாரு. மூக்க பெருசா போட்டுட்டேன்னு கொறை.

நெல்லு கணக்கு பாத்தோம். குத்தகைக்குப் போக கைல நிக்கல. சம்பா நல்லாருக்கு இதுவரைக்கும், தண்ணி வடிஞ்சுருச்சு.

படத்துக்கு வரேன். போன வெள்ளிக்கிழமை வேலைய ஆரம்பிக்கலாம்னு பலகையத் தேடினா, வச்ச எடத்துல இல்ல. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, ஆத்துல வுட்டுட்டாங்களான்னு. மாமியார்ட்ட கேட்டா, "பத்தாயத்துக்கிட்ட ஓதம் ஏறுதுல்ல, எது எங்க வைக்கணும்னு ஒனக்குத் தெரியுதா"ன்னு கத்தறாங்க. கொல்லைல வெறகு அடுப்பு இருக்கு, வெந்நி போட. அதுக்கு மேல பரண்ல வடாம், வெதை மொச்சை எல்லாம் வச்சுருப்பாங்க, மழைக்கு ஈரம் புடிக்காம இருக்க. அங்க பழைய புடவைல சுத்தி வச்சுருக்காங்க. எப்ப வச்சாங்கன்னு சொல்லல, நானும் கேக்கல.

பலகை நல்லா காஞ்சு கல்லு மாதிரி இருக்கு, வளையவும் இல்ல. ஆனா புடவைக்கு வெளில துருத்திட்டு இருந்த ஒரு மூலை புகை அடிச்சு பழுப்பா போயிருச்சு, அடுத்த நாள் சாதத்து வடகம் கலர்ல. தம்பி, அந்த எடத்துல அப்படியே மக்கு வைக்கலாமா, இல்ல உப்புத்தாள் போட்டு எடுக்கணுமா? இன்னொண்ணு, மழை முடியற வரைக்கும் அதே எடத்துல வச்சுக்கலாமா, எறக்கினா அவங்க கோவிச்சுப்பாங்க.


மக்குப்பலகை:

இருக்கேன் அக்கா. 220 நம்பர் உப்புத்தாள் வாங்குங்க, 80 வேணாம், துணி வரைக்கும் எடுத்துரும். கட்டைல சுத்தி வட்டமா தேய்க்காம ஒரே பக்கமா தேயுங்க. எண்ணெய்ப் பிசுக்கா இருந்தா மேல வைக்கிற கோட்டு புடிக்காது, அதனால வெள்ளையாகற வரைக்கும் தேய்ச்சுட்டு அந்த மூலைக்கு மட்டும் ஒரு கோட்டு சாக் பவுடர் குடுத்துருங்க.

பரண் நல்ல எடம்தான். அடுப்புக்கு நேர் மேல வேணாம், ரெண்டு மொழம் தள்ளி வைக்கச் சொல்லுங்க, நேரா சூடு பட்டா புது மக்கு திரும்ப வெடிக்கும். வடாத்த அந்தப் பக்கம் நகத்துவாங்களான்னு கேட்டுப் பாருங்க.